மஸ்கட்டுக்குப் போன காசெட்

எனக்குக் குரல் பெரிசு. பெருமைக்காகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன். திருவல்லிக்கேணியில் ஒரே வீட்டில் ஐந்து குடித்தனம், ஐந்துக்கும் ஒரே குழாய் என்று வளர்ந்தவள். அங்கே மெதுவாகப் பேசுகிறவளுக்குக் குடம் நிரம்பாது. நான் மாடியில் நின்று கூப்பிட்டால் தெருமுனையில் போகிற காய்கறி வண்டிக்காரர் திரும்பிப் பார்ப்பார். கோபமும் குரலுக்குத் தகுந்த மாதிரிதான், மூக்கு நுனியிலேயே உட்கார்ந்திருக்கும்.

அப்படிப்பட்ட என்னை எழுபதுகளின் நடுவில் மயிலாப்பூரில் ஒரு வீட்டில் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். மாமனார் அரசாங்க உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்றவர். மாமியார், காலேஜில் படிக்கும் ஒரு நாத்தனார், என் கணவர், இவ்வளவுதான் ஜனம். பக்கத்து அறையில் யாரோ தூங்குகிற மாதிரியே அந்த வீட்டில் எல்லோரும் பேசுவார்கள். வந்த முதல் வாரம் கொல்லைப்புறத்தில் நின்றபடி, "இங்க வாங்கோளேன், கொடி அறுந்துடுத்து" என்று என் கணவரைக் கூப்பிட்டேன். அவர் வரவில்லை. மாமியார்தான் வந்தார்.

"ஏண்டிம்மா, நம்மாத்துப் பொம்மனாட்டி குரல் வாசப்படி தாண்டப்படாது. மெதுவா சொல்லு, போறும்," என்றார்.

திட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பேன். சிரித்தால் என்ன செய்வது? அன்றைக்குக் குறைத்த குரல்தான். மாமனார் கூடத்தில் இருந்தால் இன்னும் கொஞ்சம் குறைப்பேன். போகப் போக நான் பேசுவது எனக்கே சரியாகக் கேட்காத அளவுக்கு வந்துவிட்டது.

கல்யாணமாகி ஆறாம் மாதம் என் கணவர் மஸ்கட்டுக்குப் போனார். கட்டடம் கட்டும் ஒரு கம்பெனியில் வேலை, இரண்டு வருஷ ஒப்பந்தம். அங்கே போய்ச் சில மாதம் கழித்து, ஊருக்கு வந்த ஒருவர் கையில் ஒரு டேப் ரிக்கார்டர் கொடுத்தனுப்பினார். செங்கல்லைவிடக் கொஞ்சம் பெரிசு, ஜப்பான் சாமான். அதுவரைக்கும் நான் பார்த்த டேப் ரிக்கார்டருக்கெல்லாம் மைக் தனியாக ஒயரில் தொங்கும். இதற்கு மைக் பெட்டிக்குள்ளேயே இருக்கிறதாம். ஒரு மூலையில் மிளகு நுழைகிற அளவுக்கு ஒரு துளை. "இதுகிட்டப் பேசினாப் போறுமாம்," என்றாள் நாத்தனார். நாங்கள் நாலு பேரும் தலையோடு தலை இடிக்கக் குனிந்து அந்தத் துளையைப் பார்த்தோம். உள்ளே ஒன்றுமே தெரியவில்லை.

கூடவே அவர் பேசிய காசெட் ஒன்றும் வந்திருந்தது. மாமனார் பொத்தானை அமுக்கினார். முதலில் சரசரவென்று ஒரு சத்தம். பிறகு, "அப்பா, அம்மா, நமஸ்காரம்" என்றார் என் கணவர். மாமனார் நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுவிட்டார். பேச்சுக்கு நடுவில் என் கணவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். எங்கேயோ ஒரு கதவு சாத்துகிற சத்தம் வந்தது. மஸ்கட்டில் யாரோ சாத்திய கதவு மயிலாப்பூரில் என் காதில் விழுகிறது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்துப் போயிற்று. அன்றைக்கு அழுதேன், எல்லோரும் அவரைப் பிரிந்த ஏக்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் அந்தக் கதவுச் சத்தத்துக்குத்தான் அழுதேன்.

அதற்கப்புறம் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாடு ஆனதும், கூடத்தில் முக்காலி போட்டு அதன்மேல் பெட்டியை வைப்போம். வயசு வரிசைப்படிதான் பேச வேண்டும். மாமனார் கடிதம் எழுதுவதைப் போலவே பேசுவார். "சிரஞ்சீவிக்கு அநேக ஆசீர்வாதம். இவ்விடம் யாவரும் க்ஷேமம். அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்" என்று காசெட்டிலேயே சொல்லுவார். ஒருவரும் திருத்தியதில்லை.

அடுத்தது மாமியார். மகன் கடல் தாண்டி இருக்கிறான் என்றால் கடல் தாண்டிக் கேட்க வேண்டும் அல்லவா? பக்கத்து வீட்டு டெலிபோனில் பம்பாய்க்கு ட்ரங்க் கால் பேசுகிற மாதிரி எம்பி எம்பிக் கத்துவார். "கொழந்தே, வேளைக்குச் சாப்பிடறயா? சனிக்கிழமை எண்ணெய் தேச்சுக்கறயா? இங்க ஒரு கவலையும் இல்லை. நீ நிம்மதியா இரு." வாசப்படி தாண்டக்கூடாத குரல் மாடவீதி வரைக்கும் போய்விட்டு வரும். பெற்றவளுக்கு மட்டும் அந்தச் சட்டம் கிடையாது போலிருக்கிறது என்று எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வரும். நாத்தனார் பேச ஆரம்பித்தால் பாதி சிரிப்பாகவே போகும், வயசில் சின்னவள் என்பதால் எனக்கப்புறம் கடைசியாகத்தான் அவள் முறை. ஆக மாமியார் முடித்த கையோடு நான். மூன்று பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டு, புடவைத் தலைப்பை வாய்மேல் வைத்தபடி, "சௌக்கியமா இருக்கேளா? நான் சௌக்கியம்" என்று இரண்டு வாக்கியம் முனகிவிட்டு எழுந்துவிடுவேன்.

இப்படியே அவர் போய் இருபத்திரண்டு மாதம் ஆகிவிட்டது. ஒப்பந்தம் முடிய இன்னும் இரண்டே மாதம் என்று நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்த சமயத்தில் அவரிடமிருந்து ஒரு காசெட் வந்தது. வழக்கம்போல நாலு பேரும் உட்கார்ந்து கேட்டோம்.

"இங்க கம்பெனில இன்னும் ரெண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடச் சொல்றா. அப்பா இருங்கறார். அம்மாவும் ஒரு கவலையும் இல்லைன்னுதான் ஒவ்வொரு தடவையும் சொல்றா," என்றார். பிறகு என்னைக் கூப்பிட்டார். "நீ என்ன சொல்றே? எழுதாதே. எழுத்துல நீயா எழுதறயா, அப்பா சொல்லி எழுதறயான்னு எனக்குப் பிடிபட மாட்டேங்கறது. உன் வாயால சொல்லு. நீ சொல்றதை நான் கேக்கறேன்."

"அவ என்ன சொல்லப் போறா? இருன்னுதான் சொல்லுவா. தங்கை கல்யாணம் இருக்கே," என்று மாமனார் விட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கெட்ட மனுஷர் இல்லை. அவருக்குத் தெரிந்த நியாயம் அது. மாமியார் காபி டம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கலாமே என்று கேட்பீர்கள். முன்பு ஒரு தடவை போட்டேன். அந்த மகானுபாவர் வீட்டுக்கு எழுதிய பொதுக் கடிதத்திலேயே, "நீ தனியாக எழுதியதைப் படித்தேன்" என்று பதில் எழுதினார். கடிதங்களை மாமனார்தான் உரக்கப் படிப்பார். அந்த வரி வந்ததும் நிறுத்தினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டிக்கொண்டு அடுத்த வரிக்குப் போனார். அவர் கண்ணாடி துடைத்த நேரத்தில் நான் செத்துப் பிழைத்தேன்.

ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை என் முறை வந்தபோது ஒரு தந்திரம் செய்தேன். மஸ்கட்டில் கதவு சாத்தியதையே பிடித்துக்கொண்ட துளை, நான் மூச்சுக்காற்றில் சொன்னால் பிடித்துக்கொள்ளாதா? வழக்கம்போல சௌக்கியம் விசாரித்துவிட்டு, உதடு அசைந்தும் அசையாமலும், "வந்துடுங்கோ" என்றேன். மாமனாருக்குக் கேட்கவில்லை. நாத்தனாருக்குக் கேட்கவில்லை. நான் என் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு எழுந்தேன்.

பத்து நாளில் பதில் வந்தது. "எல்லார் குரலும் கணீர்னு இருக்கு. அவ பேசறது மட்டும் ஒரே இரைச்சல், ஒரு வார்த்தை புரியலை. மைக்குல ஏதோ கோளாறு. சரி பண்ணி மறுபடி பேசி அனுப்புங்கோ. எங்க ஆபீஸ்காரர் ஒருத்தர் லீவுல அடையாறு வந்திருக்கார், அடுத்த வியாழக்கிழமை காலம்பற கிளம்பறார், அவர்கிட்டக் கொடுக்கலாம். அவர் வந்து சேர்ற அன்னிக்குத்தான் நான் முடிவு சொல்லணும். ஒண்ணும் தெரியலைன்னா கையெழுத்துப் போட்டுடறேன், வேற வழியில்லை."

இரண்டு வருஷம். இருபத்திநாலு வயசுக்காரிக்கு இரண்டு வருஷம் என்பது எவ்வளவு என்று அந்தக் கூடத்தில் யாருக்குத் தெரியும்?

மாமனார் ரிப்பேரில் இறங்கினார். கூடவே வந்த இங்கிலீஷ் புத்தகத்தை ஸ்கேல் வைத்து வரி வரியாகப் படித்தார். யூடிகோலனில் பஞ்சை நனைத்துத் துடைத்தார். பேட்டரி மாற்றினார். பெட்டிக்கு அடியில் துண்டு மடித்துப் போட்டார். ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை எல்லோரையும் பேசவைத்துப் போட்டுப் பார்ப்பார். அவருடையது கணீர். மாமியாருடையது ஊரைத் தூக்கும். என்னுடையது வந்தால் மட்டும் 'ஙொய்' என்று ஆரம்பித்து, மழை கொட்டுகிற மாதிரி ஓர் இரைச்சல்.

"இவ வளையல்தான் சத்தம் போடறது. கழட்டச் சொல்லு," என்றார் மாமனார்.

"நன்னாருக்கு. சுமங்கலிப் பொண்ணை வெறுங்கையா உக்கார வைக்கவா?" என்றார் மாமியார்.

கடைசியில் என் வளையல்களைக் கையோடு சேர்த்துக் கைக்குட்டையால் கட்டினார்கள். இரண்டு கையிலும் கட்டோடு, சைக்கிளிலிருந்து விழுந்தவள் மாதிரி உட்கார்ந்து பேசினேன். இரைச்சல் அப்படியேதான் இருந்தது. மறுநாள் மாமனார் பெட்டியை லஸ் பக்கத்தில் ஒரு ரேடியோக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் இதற்குச் சாமான் கிடைக்காது என்று கையை விரித்தாராம். அவரோடு சண்டை போட்டுவிட்டு வந்து, "இனிமே எந்தக் கடைப் படியும் ஏற மாட்டேன்" என்று சாய்வு நாற்காலியில் சாய்ந்துவிட்டார். அன்றைக்குத் திங்கட்கிழமை.

செவ்வாய்க்கிழமை காலையில் மாமியார் புடவை மாற்றிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். "பாண்டி பஜார் பின்னால ஒருத்தன் இருக்கானாம், காலேஜ் பொண்கள் சொல்றாளாம். கிளம்பு," என்றார். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார். பெட்டியைப் பூத்துவாலையில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு இரண்டு பேரும் பஸ் ஏறினோம்.

சந்துக்குள் ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது கடை. முப்பது வயசு இருக்கும், பனியன் போட்ட ஒருவர், நாலைந்து குடல் பிதுங்கிய ரேடியோக்களுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார்.

"இன்னா மாமி கம்ப்ளைண்டு?"

"ரெக்கார்டு பண்ணினா இரைச்சல்ப்பா. இவ பேசறச்சே மட்டும்," என்றார் மாமியார்.

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு நாலு திருகாணியைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தார். எங்கள் குடும்பத்துப் பேச்சு அத்தனையும் போய்வந்த இடத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தேன். உள்ளே புளியங்கொட்டை அளவுக்கு ஒரு தகர வில்லை. அதை ஒயரோடு விரல் நுனியில் தூக்கிக் காட்டினார்.

"இதான் மாமி மைக்கு. இத்துக்குள்ள ஒரு தோலு கீது, வெங்காயத் தோலைவிட மெல்லிசு. நீங்க பேசுனா அது ஆடும். அவ்ளோதான், வேற ஒண்ணியும் இல்ல."

அவ்வளவுதானா? மாமனாரின் ஆசீர்வாதம், மாமியாரின் எண்ணெய்க் குளியல், என் இரண்டு வருஷம், எல்லாம் ஒரு வெங்காயத் தோலின்மேலா? நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். அவர் ஊசியால் துளைக்குப் பின்புறம் சுரண்டினார். மஞ்சளாக ஒரு பொருக்கு பெயர்ந்து விழுந்தது.

"மைக்குக்கு யாரு சந்தனம் வெச்சது?"

"ஆயுத பூஜைக்கு நான்தான் வெச்சேன்," என்றார் மாமியார், கொஞ்சமும் அசராமல். "பொத்தானுக்கெல்லாம் வெச்சுட்டு இதை விடலாமா? பேசற வாயாச்சே."

"வாய் இல்ல மாமி. காது," என்றார் அவர்.

சந்தனத்தைச் சுத்தமாக எடுத்தார். மைக்கைச் சுற்றியிருந்த ரப்பர் காய்ந்துபோய் மோட்டாரின் அதிர்வு அதில் ஏறுகிறது என்று, சைக்கிள் ட்யூபில் ஒரு துண்டு வெட்டிச் சுற்றினார். மூடினார். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று தானே பேசிப் போட்டுக் காட்டினார். கண்ணாடி மாதிரி இருந்தது. எனக்கு அங்கேயே அவரைக் கும்பிட வேண்டும் போல இருந்தது.

"சின்ன மாமி, இப்ப நீங்க பேசுங்க."

பேசினேன். போட்டார். 'ஙொய்.'

அவர் நெற்றியைச் சொறிந்தார். ஒரு ஹெட்போனைச் செருகித் தன் காதில் மாட்டிக்கொண்டு, மறுபடி பேசச் சொன்னார். மறுபடியும். மூன்றாவது தடவை ஹெட்போனைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"மெஷினு சுத்தமா கீது. நீங்கதான் பேச மாட்டேன்றீங்க."

எனக்குச் சுரீர் என்றது. "பேசிண்டுதானே இருக்கேன்," என்றேன்.

"உள்ள ஒரு ஆளு உக்காந்துகினு கீறான்னு வெச்சிக்கங்க. அவன் வேலையே காதைப் பாத்துக்கறதுதான். யாராச்சும் கத்துனா காதைப் பொத்திக்குவான். மெதுவாப் பேசுனா, இன்னா ஒண்ணியும் கேக்கலியேன்னு காதை அகலமாத் தொறப்பான். இன்னும் மெதுவான்னா இன்னும் தொறப்பான். அப்போ ஊர்ல கீற சத்தமெல்லாம் உள்ள வந்து குந்திக்கும். உங்க பேச்சுக்கு எடம் ஏது?" பிறகு அவர் கேட்டார். "வூட்ல இவங்களுக்கு முன்னாடி யாரு பேசறது?"

"நான்தான்," என்றார் மாமியார்.

"சத்தமா?"

மாமியார் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அதான். நீங்க கத்தி முடிச்சதும் அவன் காதைப் பொத்திகினு கீறான். அதே சூட்டுல இவங்க முணுமுணுத்தா மொத நாலு வார்த்தை பூட்சு. அப்பால தொறந்தா இரைச்சல்தான். இதுக்கு ரிப்பேரு என்கிட்ட இல்ல சின்ன மாமி. ஒரு சாண் தள்ளி உக்காந்து, வாயைத் தொறந்து, தெகிரியமாப் பேசணும்."

நம்பிக்கை வரவில்லை என்பது என் முகத்திலேயே தெரிந்திருக்கும். ஹெட்போனை என் காதில் மாட்டி, "இப்ப யாரும் பேசாதீங்க. கேளுங்க," என்றார்.

முதலில் ஒன்றும் இல்லை. பிறகு அடியிலிருந்து ஏதோ ஏறி வந்தது. சுவர்க் கடிகாரம் டக் டக் என்றது, அதற்குப் பின்னால் இன்னொரு கடிகாரம். மாடியில் யாரோ வெறுங்காலோடு நடந்தார்கள். தள்ளி எங்கேயோ குழாயடியில் வாளி இடித்தது. பஜார் பக்கம் ஒரு பஸ் கியர் மாற்றியது. ஒரு குழந்தை அழுது நிறுத்தியது. என் தாலிச் சரடு புடவையில் உரசுவது கேட்டது. எனக்குப் பக்கத்தில் ஒரு மூச்சு, உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது. அது மாமியாருடையது. அந்த மனுஷியின் மூச்சை அவ்வளவு கிட்டத்தில் நான் கேட்டதே இல்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்த இத்தனை நாளும் உலகம் இவ்வளவு பேசிக்கொண்டா இருந்தது? கண்ணை மூடிக்கொண்டு அப்படியே நின்றேன்.

"என்னடி? என்ன கேக்கறது?" என்று மாமியார் என் கையைத் தொட்டார். அந்தத் தொடுதலும் காதில் கேட்டது.

கழற்றி அவரிடம் கொடுத்தேன். கொண்டைக்கு மேல் அது உட்காரவில்லை, நான் பிடித்துக்கொண்டேன். அவர் ரொம்ப நேரம் கேட்டார். முகம் குழந்தை முகம் மாதிரி ஆகிவிட்டது. கடைசியில், "ஏம்ப்பா, இதெல்லாம் எப்பவும் இருக்கா?" என்று கேட்டார்.

"எப்பவும் கீது மாமி. நாமதான் கேக்கறதில்ல," என்றார் அவர்.

திரும்பும் பஸ்ஸில் மாமியார் பெட்டியைத் தன் மடியில் வாங்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கோ பயம். இயந்திரத்தில் கோளாறு என்றால் அது யார் குற்றமும் இல்லை. இப்போது மாமனாருக்கு முன்னால் உட்கார்ந்து, 'வந்துடுங்கோ' என்று வாயைத் திறந்து சொல்ல வேண்டும். இல்லையென்றால் இரண்டு வருஷம்.

புதன்கிழமை பிற்பகல் உட்கார்ந்தோம். நாத்தனார் காலேஜுக்குப் போயிருந்தாள். ஃபேனை நிறுத்தினோம், ஜன்னலைச் சாத்தினோம். மாமனார் பொத்தானை அமுக்கி ஆசீர்வாதத்தையும் க்ஷேமத்தையும் முடித்துவிட்டு மாமியாரைப் பார்த்தார்.

மாமியார் கூடத்தின் அந்தக் கோடியில், சுவரோரமாக உட்கார்ந்து விளக்குக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார். "நான் பேசலை. நான் பேசினா அவ குரல் போயிடறதாம். அவ பேசட்டும்," என்றார்.

கோபமா, விட்டுக்கொடுப்பதா என்று எனக்குப் புரியவில்லை. மாமனாருக்கும் புரியவில்லை. நான் முக்காலிக்கு முன்னால் ஒரு சாண் தள்ளி உட்கார்ந்தேன். தலைப்பை வாயிலிருந்து எடுத்து இடுப்பில் செருகினேன். அந்தத் துளையைப் பார்த்தேன். உள்ளே ஒருவன் காதைத் தீட்டிக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறான் என்று தோன்றியது. இந்த வீட்டில் நான் பேசட்டும் என்று காத்திருக்கிற ஒரே ஆள் அவன்தான் என்றும் தோன்றியது.

"நான்தான் பேசறேன்," என்று ஆரம்பித்தேன். எங்கிருந்து வந்ததோ, திருவல்லிக்கேணிக் குழாயடிக் குரல் அப்படியே வந்துவிட்டது. கூடம் அதிர்ந்தது. நானே ஒரு நொடி திகைத்துப்போனேன். இவ்வளவு நாள் இது எங்கே போயிருந்தது? "வாயால சொல்லச் சொன்னேள். சொல்றேன், கேட்டுக்கோங்கோ. இதை யாரும் சொல்லிக் கொடுக்கலை. நீங்க கையெழுத்துப் போட வேண்டாம். எனக்கு நீங்க வேணும். வந்துடுங்கோ."

அவ்வளவுதான். வாயை மூடிக்கொண்டேன். காது இரண்டும் ஜிவ்வென்று அடைத்திருந்தது. 'எனக்கு நீங்க வேணும்' என்று மாமனார் முன்னால் ஒரு மருமகள் சொல்லி அந்த வீட்டுச் சுவர் கேட்டிருக்காது. மாமனார் பொத்தான்மேல் விரலை வைத்தபடி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தார். அமுக்க மறந்துவிட்டார். காசெட்டின் இரண்டு சக்கரமும் சுற்றிக்கொண்டே இருந்தன. அரை நிமிஷமோ முக்கால் நிமிஷமோ, எனக்கு அது ஒரு யுகம். பிறகு, "ம்" என்று ஒரு செருமல் செருமி நிறுத்தினார்.

வழக்கமாக ஒரு தடவை போட்டுக் கேட்டுவிட்டுத்தான் அனுப்புவார். அன்றைக்குக் கேட்கவில்லை. காசெட்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றி, சட்டையை மாட்டிக்கொண்டு, தானே அடையாறுக்குப் போய்க் கொடுத்துவிட்டு வந்தார். நான் சமையலறைக்கும் கிணற்றடிக்குமாக அவர் கண்ணில் படாமல் திரிந்தேன்.

எட்டாம் நாள் தந்தி வந்தது. மாமனார் பிரித்துப் படித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. "வரான்," என்றார். நான் கிணற்றடிக்குப் போய், வாளியை உள்ளே விட்டுச் சும்மாவே இழுத்து இழுத்துக் கொட்டினேன்.

அவர் வந்து சேர்ந்த இரண்டாம் நாள் காலை. மாமனார் கோயிலுக்குப் போயிருந்தார். மாமியார் சமையலறையில் இருந்தார். நான் என் குரலை நினைத்துக் கர்வத்தில் மிதந்துகொண்டிருந்தேன். கடல் தாண்டிப் போய் ஓர் ஆளை இழுத்துக்கொண்டு வந்த குரல் அல்லவா?

"நீ சொன்னதுக்காகத்தான் வந்தேன்னு நினைச்சுண்டிருக்கே, இல்லை?" என்றார் என் கணவர்.

"பின்னே?"

"பாதி அதுக்குத்தான். மீதியைக் கேளு."

மஸ்கட்டிலிருந்து திரும்பக் கொண்டுவந்திருந்த அந்தக் காசெட்டைப் போட்டு ஒலியைக் குறைத்து வைத்தார். என் குரல் வந்தது, எனக்கே கூச்சமாக இருந்தது. 'வந்துடுங்கோ' என்று முடிந்ததும் அவர் ஒலியை முழுசாகத் திருப்பினார். கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அந்த இரைச்சல் மெல்ல மெல்ல எழும்பி வந்தது. உள்ளே இருக்கிறவன் காதைத் திறக்கிறான் என்று எனக்குப் புரிந்தது. மூடிய ஜன்னலுக்கு வெளியே காக்கா கத்துவது வந்தது. மாமனாரின் மூச்சு வந்தது. என் மூச்சு வந்தது. அதற்கெல்லாம் பின்னால், கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து, பஞ்சை உருட்டுகிற விரல் நின்று, ஒரு முனகல் வந்தது. அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்த எனக்கு அது கேட்கவே இல்லை.

"அப்பாடா. சொல்லிட்டா. வந்துடுடா கொழந்தே, என்னால முடியலைடா."

பிறகு மாமனாரின் செருமல். முடிந்தது.

"இத்தனை மாசமா எனக்கு அம்மா கத்தினதுதான் கேட்டுது," என்றார் என் கணவர். நான் மறுபடி போடச் சொன்னேன். இன்னொரு தடவையும் போடச் சொன்னேன்.

பிறகு சமையலறைக்குப் போனேன். மாமியார் அடுப்பைப் பார்த்தபடி நின்றிருந்தார். "அங்க என்னடி, திருப்பித் திருப்பிப் போட்டுக் கேட்டுண்டிருக்கேள்?" என்றார்.

"அன்னிக்கு அனுப்பிச்சோமே, அந்தக் காசெட்தாம்மா."

"அதுல என்ன இருக்கு? நீயும் அப்பாவும் பேசினது. நான்தான் அன்னிக்கு வாயே திறக்கலையே."

நான் அவர் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டேன். "ஆமாம்மா. நீங்க ஒண்ணும் பேசலை," என்றேன்.